ஏ லெவல் உளவியல்: படிக்கும்போது தெரிகிறது, தாளைப் பார்த்தால் மறக்கிறது

கயல், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்து, உபகாரச் சம்பளம் கிடைத்ததால் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் ஏ லெவல் படிக்கிறேன். எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று உளவியல், கேம்பிரிட்ஜ் பாடத்திட்ட எண் 9990. வருகிற அக்டோபர், நவம்பரில் ஏ.எஸ். தேர்வு, அதாவது ஏ லெவலின் முதல் கட்டம். தாள் 1, தாள் 2, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 60 புள்ளி.

பாடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் கவலையும் அதிகம். பன்னிரண்டு ஆய்வுகளை நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். யார் செய்தது, எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், என்ன கண்டார்கள், எங்கே குறை என்று எல்லாமே கேட்பார்கள். குறிப்பேட்டில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. வகுப்பில் சோதனைத் தாள் கைக்கு வந்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. குரங்குக்குப் பொம்மை கொடுத்துப் பார்த்தது யார், யானையைப் பழக்கியது யார் என்பதே குழப்பமாகிவிடுகிறது.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். இருவரும் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பிவிடுவார்கள். நான் பஸ் பிடித்து ஈப்போ போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். கூடத்தில் பாட்டி நாடகம் பார்ப்பார், தம்பிகள் பக்கத்தில் விளையாடுவார்கள். தனி அறை கிடையாது. இணையம் கோயில் மேட்டுக்குப் போனால்தான் ஒழுங்காகக் கிடைக்கும், அதனால் காணொளி பார்த்துப் படிக்கும் வழி எனக்குச் சரிவராது. உளவியலுக்கு இங்கே டியூஷன் எடுப்பவர் யாரையும் எனக்குத் தெரியவில்லை.

கேட்க வந்தது இதுதான். ஆய்வுகள் மனத்தில் நிற்க என்ன செய்வது? தாள் 1-இன் கடைசியில் வரும் பத்துப் புள்ளிக் கேள்வியை எப்படி எழுதுவது? தமிழில் யோசித்துப் படித்தால் ஆங்கிலத்தில் எழுதும்போது இடிக்குமா?

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெலுக் இந்தான்

மகளே, தோட்டத்திலிருந்து இப்படி ஒரு பாடத்தை எடுத்துப் படிக்கிறாய் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. உளவியல் எனக்குத் தெரியாத துறை. ஆனால் நீண்ட காலம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் குறள் மனனம் செய்ய வைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அப்பா அம்மா எழுந்திருக்கும் நேரத்திலேயே நீயும் எழுந்துவிடு. அந்த நேரத்தில் வீடு உன்னுடையது. ஒவ்வோர் ஆய்வையும் கையால் பத்துத் தடவை எழுது. கை எழுதியதை மனம் விடாது. படிக்கும்போது தாளின் ஓரத்தில் கிறுக்காதே, கவனம் சிதறும்.

---

தேவி, பீடோர்

கயல், வணக்கம். நானும் தாப்பா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள்தான். இதே பாடத்தை எடுத்துப் படித்து, இப்போது ஒரு கல்லூரியில் இதையே கற்றுக்கொடுக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐயா சொன்ன விடிகாலை நேரத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். குறளை மனனம் செய்தபோதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் ஐயா முன்னால் நின்று ஒப்பித்திருப்பார்கள். பலன் தந்தது அந்த ஒப்பித்தல்தான். புத்தகத்தைப் பார்த்தபடி பத்துத் தடவை எழுதினால் கை வலிக்குமே தவிர பெரிதாக எதுவும் தங்காது. மூடிவிட்டு ஒரு தடவை எழுதிப் பாருங்கள், எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சிறு பாடத்தைப் படித்த பிறகு ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது: பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42தான். உங்களுக்குப் படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதற்கும் தாளில் வராததற்கும் காரணம் இதில் இருக்கிறது. கண்ணுக்குப் பழகிப்போனதை மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. 2013இல் டன்லோஸ்கியும் அவர் குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். வண்ணக்கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் பலன் குறைந்தவை என்றும், தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் பலன் மிகுந்தவை என்றும் அதில் சொல்கிறார்கள். வண்ணப் பேனாக்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் கோடு போட்டதோடு படிப்பு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கூடத்தில் பாட்டி, தம்பிகள், தனி அறை இல்லை என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு அதுதான் நல்ல வகுப்பறை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நான் படித்த காலத்தில் அம்மா சாயங்காலம் முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருப்பார். நான் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஓர் ஆய்வைக் கதையாகச் சொல்வேன். மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வைச் சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகம், 20 முதல் 50 வயது வரையுள்ள 40 ஆண்கள், பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. அம்மா கை நிற்காமலே கேட்டார்: "நிஜமாவே கரண்டு அடிச்சாங்களா?" இல்லை, அடிபடுவது போல நடிக்கச் சொல்லி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள் என்றேன். "அப்ப தட்டுனவன் கிட்ட பொய் சொல்லிருக்காங்க. அவன் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பான்?" கொஞ்ச நேரம் கழித்து, "ஏன், பொம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். அப்புறம், 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள் என்று நான் சொன்னதும், "இதுல என்ன ஆச்சரியம், கோட்டு போட்ட ஆள் பக்கத்துல நின்னு செய்யுன்னா செய்யத்தான் செய்வான். துரை நிக்கும்போது எங்க பெரட்டுல யாரு வாயைத் திறந்தா?" என்றார்.

பாருங்கள், பத்துப் புள்ளிக் கேள்விக்கு வேண்டியது எல்லாம் அந்த முறத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. பங்கேற்றவர்களை ஏமாற்றியது, அவர்களுக்கு மன உளைச்சல் தந்தது, ஆண்களை மட்டும் எடுத்ததால் முடிவை எல்லாருக்கும் பொருத்த முடியாதது, அன்றாட வாழ்க்கையோடு உள்ள பொருத்தம். அம்மா பள்ளிக்கூடம் பார்த்தது கொஞ்ச காலம்தான். ஆனால் ஒரு விஷயத்தை முதல் தடவை கேட்கிறவருக்கு எங்கே இடிக்கிறதோ, அங்கேதான் தேர்வாளரும் கேள்வி வைக்கிறார். நீங்கள் கதை சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அதைக் குறித்துக்கொண்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் படியுங்கள். பாட்டி கேட்ட கேள்விகளைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

பத்துப் புள்ளிக் கேள்வியை எழுதும் விதத்துக்கு வருகிறேன். வழக்கமாக இரண்டு பலம், இரண்டு பலவீனம் கேட்பார்கள், அவற்றில் ஒன்றாவது அவர்கள் குறிப்பிடும் விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். மாணவர்கள் "கட்டுப்பாடு நன்றாக இருந்தது, அதனால் நல்ல ஆய்வு" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எந்த ஆய்வுக்கும் ஒட்டக்கூடிய வரிக்குப் புள்ளி குறைவு. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்களா என்று பார்த்த பண்டூரா ஆய்விலிருந்து, அதே விஷயத்தை ஆதாரத்தோடு எழுதிப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பாலர் பள்ளியின் 72 பிள்ளைகள், 36 ஆண், 36 பெண். எந்தப் பிள்ளை இயல்பாகவே முரட்டுத்தனம் கொண்டது என்று பிள்ளைகளை நன்கு அறிந்தவர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டு, குழுக்களைச் சமமாகப் பிரித்தார்கள். ஆகவே பொம்மையை அடித்ததற்குக் காரணம் முன்னால் பார்த்த பெரியவர்தான் என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரு கருத்து, ஆய்விலிருந்து ஓர் ஆதாரம், அதனால் என்ன என்ற விளக்கம். நான்கு தடவை இதைச் செய்தால் பதில் முடிந்தது.

பெயர் கலந்து போவதற்கு: ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேகன் என்றால் நேபாளத்து யானை. காசநோய்ச் சோதனைக்காகத் தும்பிக்கையைக் கழுவக் கொடுக்கப் பழக்கினார்கள், சரியாகச் செய்தால் விசில், கூடவே வாழைப்பழத் துண்டு. இளம் யானைகள் நான்கும் கற்றுக்கொண்டன, வயதான ஒன்று முழுசாகக் கற்கவில்லை. ஹாசெட் என்றால் ரீசஸ் குரங்குகள், சக்கரம் வைத்த பொம்மையும் பஞ்சுப் பொம்மையும். சாவெட்ரா, சில்வர்மன் என்றால் ஒன்பது வயதுப் பையன், சட்டைப் பொத்தானைக் கண்டால் பயம். பாலர் பள்ளியில் ஒரு கிண்ணம் பொத்தான் அவன் மேல் கொட்டியதிலிருந்து தொடங்கியது. காட்சி வந்துவிட்டால் எண்ணும் முடிவும் பின்னாலேயே வரும்.

அட்டை வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதுவே போதும். ஒரு தாளில் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள், பதிலை எழுதாதீர்கள். பஸ்ஸில் எடுத்துப் பார்த்து, மனத்துக்குள் பதில் சொல்லுங்கள். சரியாக வந்தது ஒரு மைலோ டின்னில், வராதது இன்னொரு டின்னில். வராத டின்னை மறுநாளே எடுங்கள். வந்த டின்னை மூன்று நான்கு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து. கொஞ்சம் மறக்க ஆரம்பித்த பிறகு இழுத்து எடுப்பதுதான் ஆழமாகப் பதிகிறது. அப்படிச் செய்யும்போது சிரமமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டிருந்தீர்கள். கதையாகச் சொல்லும்போது தாராளமாகத் தமிழில் சொல்லுங்கள். எழுதிப் பார்க்கும்போது ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். கலைச்சொற்களை, ரிலையபிலிட்டி (திரும்பச் செய்தாலும் ஒத்த முடிவு வருமா), வேலிடிட்டி (அளக்க நினைத்ததையே அளக்கிறதா), ஜெனரலைசபிலிட்டி (முடிவு மற்றவர்களுக்கும் பொருந்துமா) போன்றவற்றை, தமிழில் சொல்லும்போதும் அப்படியே போட்டுப் பேசுங்கள். அம்மாவுக்கு அது என்ன என்று விளக்க வேண்டி வரும். விளக்குங்கள், உங்களுக்குத்தான் லாபம்.

இன்னொன்று, இது முக்கியம். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறியிருக்கிறது. அதற்கு முந்தைய பழைய தாள்களில் கான்லி, ஷாக்டர்-சிங்கர், லேனி, பெப்பர்பெர்க், யமமோட்டோ ஆய்வுகள் வரும். உங்களுக்கு அவை கிடையாது. சீனியர் யாராவது பழைய குறிப்புக் கட்டைக் கொடுத்தால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

---

முகிலன், கோல கங்சார்

தேவி அக்கா எழுதியதற்கு மேல் தாள் 1 பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தாள் 2-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அதை நிறையப் பேர் 'பொதுவான கேள்விதானே' என்று கடைசியில் வைத்துவிடுகிறார்கள். அதில் நீங்களே ஓர் ஆய்வைத் திட்டமிடச் சொல்லிப் பத்துப் புள்ளிக்குக் கேட்பார்கள். அதற்கு ஊரைச் சுற்றிப் பார்த்தாலே பயிற்சி கிடைக்கும்.

நான் பழகியது மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்). தொலைக்காட்சி ஓடினால் ஆட்கள் அதிக நேரம் உட்காருகிறார்களா? நாம் மாற்றுவது தொலைக்காட்சி ஓடுவதும் ஓடாததும். அளப்பது, உட்கார்ந்ததிலிருந்து காசு கொடுக்க எழும்வரை எத்தனை நிமிடம் என்று. இரண்டு நாளும் ஒரே நேரம், பந்து விளையாட்டு இல்லாத நாள், மழை இல்லாத நாள். தனியாக வந்தவரை மட்டும் எண்ணுவதா, கூட்டமாக வந்தவரையும் எண்ணுவதா? எண்ணுவதற்கு இரண்டு பேர் இருந்தால் இருவர் குறித்ததும் ஒத்துப்போகிறதா? அவர்களுக்குத் தெரியாமல் கவனிப்பது சரியா, பொது இடம் என்பதால் பரவாயில்லையா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் தேர்வில் கேட்கும் எல்லா அம்சமும் வந்துவிடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, கோயில் அன்னதான வரிசையில் ஒன்று என்று வாரம் ஒரு ஆய்வைத் தாளில் திட்டமிட்டுப் பாருங்கள். செய்ய வேண்டியதில்லை, திட்டம் போதும்.

---

கயல், சுங்கை சிப்புட்

தேவி அக்கா, முகிலன் அண்ணா, ஆசிரியர் ஐயா, மூவருக்கும் நன்றி. கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

விடிகாலையில் எழுந்து, முந்தைய நாள் ஆய்வைப் பார்க்காமல் எழுதுகிறேன். சாயங்காலம் அம்மாவுக்கும் பாட்டிக்கும் கதை. பிலியாவின் என்ற ஆய்வாளரின் ஆய்வைச் சொன்னபோது பாட்டி நாடகத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்! நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவர் திடீரென்று விழுகிறார், சில சமயம் கையில் கைத்தடி, சில சமயம் சாராய வாடை, யார் வந்து தூக்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள் என்றேன். கைத்தடிக்காரருக்கு 65இல் 62 தடவை மற்றவர்கள் தாமாகவே வந்து உதவினார்கள், குடித்தவர் போல இருந்தவருக்கு 38இல் 19 தடவை. பாட்டி உடனே, "பாதிப் பேர் வந்தாங்களா? அதுவே பெருசு. குடிச்சவன்கிட்ட போனா அடிப்பானோ, வாந்தி எடுப்பானோன்னு பயம் இருக்கும்ல" என்றார். உதவினால் என்ன நஷ்டம், உதவாவிட்டால் என்ன நஷ்டம் என்று மனம் கணக்குப் போடுகிறது என்று பிலியாவின் சொல்வதும் அதுதானே! அம்மா கேட்டது வேறு: "விழுந்தவன் நடிச்சான்னு அந்த ரயில்ல வந்தவங்களுக்குப் பின்னாடி சொன்னாங்களா?" சொல்லவில்லை. அதை அப்படியே பலவீனத்தில் எழுதி ஆசிரியையிடம் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டு சந்தேகம். ஆசிரியர் ஐயா கிறுக்காதே என்றார். ஆனால் எங்கள் பாடத்திலேயே ஆண்ட்ரேட் ஆய்வு கிறுக்கியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது என்கிறது. எதைக் கேட்பது? இன்னொன்று, பெர்ரி ஆய்வு எனக்குக் கதையாகவே வரமாட்டேன் என்கிறது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், ஆட்களுக்கு இடையிலான இடைவெளி, எல்லாம் எண்ணாகவே தெரிகிறது.

---

தேவி, பீடோர்

கயல், பாட்டி சத்தத்தைக் குறைத்தார் என்று படித்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆண்ட்ரேட் ஆய்வில் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 40 பேர். ஒரு விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று இரண்டரை நிமிடம் ஓடும், வேண்டுமென்றே சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைக் கேட்டார்கள். ஒரு குழு கேட்டுக்கொண்டே தாளில் அச்சடித்திருந்த சதுரம், வட்டங்களை நிழலிட்டது. அவர்கள் 29 விழுக்காடு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். சலிப்பான ஒன்றைக் காதால் கேட்கும் நேரத்துக்கு இது பொருந்தும். நீங்கள் கண்ணால் படிக்கும்போதோ, நினைவிலிருந்து எழுதும்போதோ கிறுக்கினால் உதவும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அதனால் உங்கள் மேசையைப் பொறுத்தவரை ஐயா சொன்னதையே கேளுங்கள். 'இந்த முடிவை எந்தச் சூழலுக்குப் பொருத்தலாம், எதற்குப் பொருத்தக்கூடாது' என்று நீங்களாகவே கேட்டீர்கள் பாருங்கள், அதைத் தேர்விலும் கேட்பார்கள்.

பெர்ரிக்கு: ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். ஒருவர் உங்களை நோக்கி வருகிறார், ஒரு தடவை தோழி, ஒரு தடவை அந்நியர், ஒரு தடவை போலீஸ்காரர் மாதிரி அதிகாரி. எந்த இடத்தில் 'போதும், நில்லுங்கள்' என்பீர்கள்? தம்பிகளை வைத்துக் கூடத்திலேயே செய்து பாருங்கள், ஒருவனை அந்நியனாக நடிக்கச் சொல்லுங்கள். ஆய்வில் இதைக் கணினித் திரையில் செய்தார்கள். மூக்கில் ஆக்சிடோசின் விட்ட பிறகு, மற்றவர் உணர்வை அதிகம் புரிந்துகொள்ளும் இயல்புள்ளவர்கள் நெருக்கத்தை விரும்பினார்கள், அந்த இயல்பு குறைந்தவர்கள் தள்ளி நிற்பதையே விரும்பினார்கள். ஒரே மருந்து, இரண்டு விதமான ஆட்கள், எதிரெதிர் முடிவு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சேரும்.

நேரக் கணக்கையும் இப்போதிலிருந்தே பழகுங்கள். 90 நிமிடத்துக்கு 60 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். கடைசிப் பத்துப் புள்ளிக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு புள்ளிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினால் அந்தப் பதினைந்து நிமிடம்தான் பறிபோகும். தேர்வு தீபாவளியை ஒட்டி வந்தால் வீட்டில் முறுக்குப் பிழியும் வேலை இருக்கும், அதற்கு முன்பே ஒரு முழுத் தாளைக் கடிகாரம் வைத்து எழுதிவிடுங்கள்.

பெர்ரிக்கு இரண்டு பலம், இரண்டு பலவீனம் எழுதி இங்கே போடுங்கள். வார இறுதியில் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.